வெண்ணெய் உருண்டைக் கல்லை அங்கே யார் வைத்தது?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. மாமல்லபுரத்தில் சரிவான பாறைமேல் நிற்கும் வெண்ணெய் உருண்டைக் கல்லை யாராவது கொண்டுவந்து நிறுத்தினார்களா என்பது முதலாவது. வெயிலும் மழையும்தான் அதை உருட்டித் திரட்டின என்றால், கூப்பிடு தூரத்தில் 1,300 வருஷத்துக்கு மேலாக அதே வெயிலிலும் மழையிலும் நிற்கும் அர்ச்சுனன் தபசில் யானைகளும் குட்டிகளும் இவ்வளவு தெளிவாக இருப்பது எப்படி என்பது இரண்டாவது. இந்தக் கல் என்றைக்காவது உருண்டுவிடுமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற இரண்டுக்கும் பதில் வந்துவிடும். நிலவியல் படித்து அதையே கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவன் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். எது நிச்சயம், எது ஊகம் என்பதை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நிச்சயமானதைச் சொல்லிவிடலாம். அந்தக் கல்லை யாரும் கொண்டுவரவில்லை. அது எங்கிருந்தும் உருண்டு வரவும் இல்லை. கிட்டத்தட்ட இப்போது இருக்கும் இடத்திலேயேதான் எப்போதும் இருந்தது. அதைச் சுற்றியும் அதற்கு மேலேயும் இருந்த பாறைதான் போய்விட்டது. ‘இது எப்படி இங்கே வந்தது’ என்று கேட்பதைவிட ‘மற்றதெல்லாம் எங்கே போயிற்று’ என்று கேட்டால் விஷயம் பிடிபடும்.

அந்தப் பாறையின் பூர்வீகத்திலிருந்து தொடங்குவோம். மாமல்லபுரத்துக் கல்லைப் பொதுவாக கிரானைட் என்று எழுதுகிறார்கள். சென்னையிலிருந்து தெற்கே இந்த வட்டாரத்தில் இருப்பது பெரும்பாலும் சார்னக்கைட்டும் அதன் இனத்தைச் சேர்ந்த பாறைகளும். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்குக் கல்கத்தாவில் இருக்கும் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் சார்னக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். இந்தப் பாறை வகைக்கு மாதிரியாக எடுத்துக்கொண்ட இடம் நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம்தான். வட தமிழகத்தில் இந்தப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். ஹைப்பர்ஸ்தீனும் மற்ற கனிமங்களும் இதில் இருக்கிற சேர்க்கையில் உருவாக 700 டிகிரிக்கு மேல் வெப்பமும், பூமிக்குள் ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குக் குறையாத ஆழத்தின் அழுத்தமும் வேண்டும். அப்படிப்பட்ட பாறைமேல் இன்றைக்கு நாம் நின்று செல்ஃபி எடுக்கிறோம் என்றால், தலைக்கு மேல் இருந்த அந்த இருபது கிலோமீட்டரும் காலப்போக்கில் அரித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இதில் பெரிய ஊகம் எதுவும் இல்லை, கனிமங்களே சாட்சி.

மேலே இருந்த பாரம் போனதும் என்ன ஆகும்? ஒரு கிலோமீட்டர் பாறை, கீழே இருப்பதன்மேல் சுமார் 270 வளிமண்டல அழுத்தத்தைக் கொடுக்கிறது. அந்தப் பாரம் விலக விலக, பாறை மெல்ல மேல்நோக்கி விரிந்து, தரைமட்டத்துக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கும். இதைத் தவிர, பாறை குளிர்ந்த காலத்திலும் நிலம் அமுங்கி வளைந்த காலங்களிலும் ஏற்பட்ட செங்குத்துப் பிளவுகள் ஏற்கெனவே இருக்கும். இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகச் சேரும்போது, பூமிக்கடியிலேயே பாறை பெட்டி பெட்டியாகப் பிரிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் உதாரணம் வேண்டுமென்றால் அர்ச்சுனன் தபசின் நடுவில் பாருங்கள். நாகர்கள் நீந்தி வருகிற அந்தச் செங்குத்துப் பள்ளம் சிற்பிகள் வெட்டியது இல்லை. பாறையில் இயல்பாகவே இருந்த பிளவு அது. அதைக் கங்கையாக்கியது பல்லவச் சிற்பியின் சாமர்த்தியம்.

பிளவு கிடைத்ததும் தண்ணீர் இறங்கும். இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பாறையைக் கரைப்பது மேலே விழுகிற மழையைக் காட்டிலும் கீழே தங்குகிற ஈரம். மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் விழுகிறது. மண்ணுக்குள் இறங்கியதும் வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற கார்பன் டை ஆக்சைடு, வெளிக்காற்றில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு சேர்ந்துகொள்கிறது. அந்தத் தண்ணீர் ஃபெல்ஸ்பார் கனிமத்தைத் தாக்கினால் சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் கரைந்து போய் மிச்சம் களிமண் ஆகிவிடும். ஹைப்பர்ஸ்தீனிலுள்ள இரும்பு துருப்பிடித்துச் செம்மண் நிறம் வரும். குவார்ட்ஸ் மட்டும் சட்டென்று மசியாது. அது மணலாக மிஞ்சும். பிடித்து வைத்திருந்த ஃபெல்ஸ்பார் போனதும் மற்ற மணிகள் கழன்றுவிடுகின்றன. பார்த்தால் பாறை போலவே இருக்கும், விரலால் கிள்ளினால் உதிரும்.

இப்போது ஒரு பெட்டிப் பாறையை யோசித்துப் பாருங்கள். அதன் ஒரு முகத்தை ஈரம் ஒரு பக்கமிருந்துதான் தாக்க முடியும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து தாக்கும். மூலையை மூன்று பக்கமிருந்து தாக்கும். ஆகவே மூலைதான் முதலில் போகும், அடுத்து விளிம்பு. கனசதுரமாக இருந்த கல், வெளியாள் யாரும் கை வைக்காமலேயே, மண்ணுக்கடியில் இருந்த இடத்திலேயே உருண்டையாகிவிடுகிறது. அதைச் சுற்றி வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக மக்கிய பாறை ஒட்டிக்கொண்டிருக்கும். சாலை போட மலையை வெட்டிய இடங்களில் இதை அழகாகப் பார்க்கலாம்: சிவந்த, உதிர்கிற மண்ணுக்கு நடுவில் கெட்டியான உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும், ஒவ்வொன்றைச் சுற்றியும் விரலளவு தடிப்பில் தோல் தோலாக உரியும். அந்தத் தோல்கள் ஏன் சரியாக அடுக்காகவே உரிகின்றன என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இரும்பு துருவாகும்போது பருத்து உள்ளிருந்து விரிசல் விடச் செய்கிறது என்பது ஒரு விளக்கம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் எல்லாப் பாறைக்கும் அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

கிராமத்தில் போர் போட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால் இதை வேறு வழியில் ஏற்கெனவே அறிவீர்கள். கெட்டிப் பாறை வரும்வரை கேசிங் பைப் இறக்குவார்கள் அல்லவா? அந்தக் கேசிங்கின் நீளம்தான் மண்ணும் மக்கிய பாறையும் சேர்ந்த கனம். ஒரு தோட்டத்தில் 20 அடியில் கெட்டிப் பாறை கிடைக்கும், வரப்பைத் தாண்டினால் 80 அடி இறக்க வேண்டியிருக்கும். பூமிக்கடியில் சிதைவு எவ்வளவு ஏறுக்குமாறாக நடந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம். சில சமயம் பாறை தட்டிவிட்டது என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மறுபடி மெத்தென்று இறங்கும். நடுவில் தட்டியது ஓர் உருண்டைக் கல். நம் காலுக்குக் கீழே இன்னும் வெளிவராத வெண்ணெய் உருண்டைகள் எத்தனையோ இருக்கின்றன.

இதுவரை சொன்னது சிதைவு, அதாவது இருந்த இடத்திலேயே பாறை இற்றுப்போவது. இற்றதைத் தூக்கிக்கொண்டு போவது அரிப்பு, அது வேறு வேலை. மழைநீர், ஓடை, ஆறு, கடற்கரையில் அலை, வறண்ட நாட்களில் காற்று என்று ஆள் பல. உதிர்ந்த பொருளை இவை அள்ளிக்கொண்டு போய்விடும். கெட்டியான உருண்டையை அசைக்க முடியாமல் விட்டுவிட்டுப் போகும். கடல் மட்டமோ ஆற்றின் போக்கோ மாறி, சிதைவின் வேகத்தை அரிப்பின் வேகம் மிஞ்சுகிற காலத்தில்தான் புதைந்திருந்தவை வெளியே வரும். அரிப்புக்கு அவசரம் வந்தால் என்ன செய்யும் என்பதை 2004 டிசம்பர் 26 அன்று இதே கடற்கரையில் பார்த்தோம். சுனாமி சில மணி நேரத்தில் மணலை வாரிக்கொண்டு போனதில் புதைந்திருந்த கற்கள் வெளிப்பட, அடுத்த வருஷம் சாளுவன்குப்பத்தில் பழைய முருகன் கோயிலின் அடித்தளத்தையே தொல்லியல் துறையினர் தோண்டி எடுத்தார்கள். வெண்ணெய் உருண்டையைச் சுற்றியிருந்த பாறை எங்கே போயிற்று என்றால், களிமண் பங்கு கடலுக்கடியில், மணல் பங்கு இந்தக் கரையோரம் வடக்கும் தெற்குமாக அலைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பதில்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஈரம் தங்கினால்தான் பாறை இற்றுப்போகும் என்று மேலே சொன்னேன். அர்ச்சுனன் தபசு செங்குத்தான, திறந்த முகம். மழை நின்ற கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மண் மூடிய பாறை மக்குகிற வேகத்தில் மண் இல்லாத பாறை மக்குவதில்லை. மண்ணுக்கடியில் இருப்பதைவிடக் கருங்கல்லுக்கு வெட்டவெளிதான் பாதுகாப்பான இடம் என்றே சொல்லலாம். இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பாறையின் மேற்புறத்துக் குவார்ட்ஸில் பெரிலியம்-10 என்ற ஐசோடோப்பை மிகச் சொற்பமாக உண்டாக்குகின்றன. அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணினால், மேற்பரப்பு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று கணக்கிடலாம். உலகின் பல இடங்களில் திறந்த கிரானைட் பாறைகளில் கிடைத்த விடை, பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மீட்டர். ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிக் குன்றுகள் சிலவற்றில் ஒரு மீட்டர்கூட இல்லை. பத்து லட்சம் வருஷத்துக்கு ஐந்து மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 1,300 வருஷத்தில் போவது ஆறரை மில்லிமீட்டர். நல்ல புடைப்புச் சிற்பத்தின் ஆழத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இது சராசரி. பாறை தினமும் சமமாகத் தேய்வதில்லை. பல நூற்றாண்டுகள் ஒன்றுமே நடக்காமல் இருந்து, ஒருநாள் விரல் கனத்துக்கு ஒரு தகடு பெயர்ந்து விழலாம். அந்தத் தகட்டில் சிற்பத்தின் மூக்கு இருந்தால் சராசரியால் ஆறுதல் இல்லை.

இதற்கு எதிர்ச்சாட்சியும் அதே ஊரிலேயே இருக்கிறது. கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம், அதாவது தபசைவிட இளையது. ஆனால் அங்கே கடலைப் பார்த்த சிற்பங்கள் பல அடையாளம் தெரியாத அளவுக்கு மழுங்கிக் கிடக்கின்றன. காரணம் உப்பு. கடற்காற்றில் வரும் உப்புநீர் கல்லின் நுண்துளைகளில் புகுந்து காயும்போது படிகமாகிப் பருக்கிறது. மறுபடி நனைகிறது, மறுபடி காய்கிறது. ஒவ்வொரு முறையும் சில மணிகளைத் தள்ளி உதிர்த்துவிடும். காற்றில் வரும் மணலும் தன் பங்குக்கு அறைகிறது. சவுக்குத் தோப்பு வைத்ததும், கரையில் பாறாங்கல் கொட்டியதும், ஈரக் காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுப்பதும் இதற்காகத்தான்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பகலில் சுட்டு இரவில் குளிர்ந்து பாறை வெடிக்கிறது’ என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அது அவ்வளவு எளிதில்லை. 1936-ல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் மெருகிட்ட கிரானைட் துண்டை 89,400 தடவை சூடாக்கிக் குளிர்வித்தார். தினம் ஒரு தடவை என்று வைத்தால் 244 வருஷத்துக்குச் சமம். உலர்ந்த காற்றில் செய்தபோது கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் தெளித்துக் குளிர்வித்தபோது சீக்கிரமே மெருகு போய் விரிசல் கண்டது. இதை வைத்து ரொம்ப காலம் ‘வெயில் தனியாக ஒன்றும் செய்யாது’ என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அவர் எடுத்தது சின்னத் துண்டு. பெரிய பாறையில் வெளித்தோல் விரிய நினைக்கும்போது உட்பகுதி இழுத்துப் பிடிக்கும், அந்த இழுபறி சின்னத் துண்டில் வராது. 2014 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ட்வெய்ன் ஹார்ட் என்ற ஊரில் ஒரு பாறைக் குன்றின் மேல்தகடு, கடும் வெயில் நாட்களில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தத்துடன் வெடித்து எழும்பியது, வீடியோவும் இருக்கிறது. ஆக, வெயிலுக்கும் பங்கு உண்டு. ஈரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு பங்கு என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரே விடையாக யாராவது சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள்.

மற்ற விளக்கங்களையும் பார்த்துவிடுவோம். ஆறு உருட்டி வந்த கல் என்றால் கூடவே பல ஊர்ப் பாறைகள் கலந்து கிடக்க வேண்டும். பனியாறு தூக்கி வந்து போட்டது என்றாலும் அடியில் இருப்பதும் மேலே இருப்பதும் வேறு வேறு பாறையாக இருப்பதே வழக்கம். இந்தியாவில் பனியாறு ஓடிய காலம் உண்டு. ஒடிசாவின் தால்ச்சர் பாறைப்படுகை சுமார் 30 கோடி வருஷத்துக்கு முந்தைய அதன் தடயம். ஆனால் மாமல்லபுரத்தில் உருண்டையும் அதன் அடிப்பாறையும் ஒரே இனம், சுற்றிலும் அதே அளவில் பாதி உருண்ட கற்கள். பல்லவர்கள் நிறுத்தினார்கள் என்றால் எதற்காக என்று யாராவது சொல்ல வேண்டும். 1908-ல் சென்னை கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று சொல்லப்படும் கதையை எல்லா கைடுகளும் சொல்வார்கள்; கதை சுவாரஸ்யமானது, கல் உருவானதற்கும் அதற்கும் தொடர்பில்லை. எடை 250 டன் என்கிறார்களே, அதையும் போட்டுப் பார்த்தேன். ஐந்தரை மீட்டர் குறுக்களவுள்ள முழு உருண்டை என்றால் கொள்ளளவு 87 கன மீட்டர், கன மீட்டருக்கு 2.7 டன் வீதம் 235 டன். இது முழு உருண்டையும் இல்லை; பின்பக்கம் போய்ப் பார்த்தால் வெட்டியது போலத் தட்டையாக இருக்கும். அதனால் 250 என்பது கொஞ்சம் தாராளம்.

அந்தத் தட்டைப் பக்கத்தில்தான் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பழைய பிளவு வழியே பாதி தானாகவே பிரிந்து விழுந்திருக்கலாம் என்பது என் கட்சி. இந்த மாதிரிக் கற்கள் அப்படிப் பிளப்பது சகஜம். ஆனால் இது கல் வெட்டிய ஊர். உளி வைத்துப் பிளக்க வரிசையாகத் தோண்டிய சதுரக் குழிகள் இங்கே பல பாறைகளில் உண்டு. தட்டைப் பக்கத்தின் ஓரத்தில் அப்படிப்பட்ட குழிகளின் பாதி எங்காவது தெரிந்தால் என் கட்சி தோற்றது.

சிதைவு ஒரே மாதிரி வேலை செய்தால் எல்லா மலையும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று அடுத்து கேட்பீர்கள். பிளவுகளின் இடைவெளிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மதுரை யானைமலையில் பிளவு அபூர்வம், தண்ணீர் உள்ளே புக வழியில்லை; அதனால் ஒரே கல்லாகக் கிடக்கிறது. செஞ்சியில் நெருக்கமான பிளவுகள். மலையே கொட்டி வைத்த பாறாங்கற்கள் போல் ஆகிவிட்டது. மழையும் சரிவும் அதிகம் என்பதால் மட்டும் அரிப்பு வேகமாகிவிடாது. இலங்கையின் மலையகத்தில் பெரிலியம்-10 வைத்து அளந்தபோது, அவ்வளவு செங்குத்தான, மழை மிகுந்த நிலத்திலும் இயற்கையான அரிப்பு வியக்கத்தக்க அளவு மெதுவாக இருந்தது. காடு போய் விவசாயம் வந்த சரிவுகளிலோ அதைப் போல 10 முதல் 100 மடங்கு வரை மண் போகிறது.

கடைசியாக, உருண்டுவிடுமா? உருளக்கூடிய கற்கள் எல்லாம் எப்போதோ உருண்டுவிட்டன. எடையின் மையம் அடித்தளத்துக்கு நேர் மேலே அமைந்த கல் மட்டும் மிச்சமிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் நாம் ஆச்சரியப்படுகிறோம். பெரிய நில அதிர்வு வந்தால் ஆடும். தெற்கு கலிபோர்னியாவில் இப்படி நிற்கும் கற்களை வைத்தே, கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் அந்த இடம் எவ்வளவு கடுமையாகக் குலுங்கவில்லை என்று கணக்கிடுகிறார்கள். அதைவிட நிச்சயமான எதிரி, கல்லும் தரையும் தொடுகிற இடத்தில் சேரும் மண்ணும் ஈரமும். சிதைவு இன்னமும் அங்கேதான் நடக்கிறது. ஆனால் மேலே சொன்ன வேகங்களை வைத்துப் பார்த்தால் நம் காலத்திலோ பேரப்பிள்ளைகள் காலத்திலோ அதனால் ஒன்றும் ஆகாது. பக்கத்துச் சரிவில் குழந்தைகள் சறுக்கிச் சறுக்கிப் பாறை வழவழப்பாகியிருக்கிறதே, அந்தத் தேய்மானம் இயற்கையின் வேகத்தைவிட அதிகமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்த தடவை போகும்போது முன்பக்கம் நின்று கல்லைத் தாங்குகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போய் அந்தத் தட்டை முகத்தின் ஓரங்களைக் கிட்டத்தில் நாலைந்து படம் எடுத்து இங்கே போடுங்கள். உளிக் குழி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம்.